உரிமம் வாங்கிய பிறகு முதல் வேலை: உங்கள் சொந்தப் பறப்பு வரம்புகளை எழுதுவது எப்படி

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் வாங்கி, வார இறுதிகளில் வாடகை விமானம் எடுத்து, வீட்டாரையும் நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு பறப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கம் செஸ்னா 172 என்ற நான்கு சீட் சிறு விமானம் ஓட்டுகிறேன். புதிதாக உரிமம் வாங்கிய பலருக்கு இந்த வரம்புகளை எழுத உதவியிருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடங்களும் நானே தடுமாறிய இடங்களும்தான் கீழே வருகின்றன.

சட்டம் சொல்வது எல்லா விமானிகளுக்கும் பொதுவான அடிமட்டக் கோடு. ஐயாயிரம் மணி நேரம் பறந்தவருக்கும் போன மாதம் தேர்வு முடித்தவருக்கும் அது ஒன்றுதான். உங்களுக்கான கோடு அதற்கு மேலே எங்கேயோ இருக்கிறது. அதை வீட்டில் உட்கார்ந்து, பறக்காத ஒரு நாளில், எண்களாக எழுதி வைக்க வேண்டும். விமானத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு முடிவு செய்தால் முடிவு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

லாக்புக் (உங்கள் பறப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு), நீங்கள் ஓட்டும் விமானத்தின் கையேடு, அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் எடைத் தாள், ஒரே ஒரு வெள்ளைத்தாள், இரண்டு மணி நேரம். எழுதி முடித்ததும் காட்டுவதற்கு உங்களை நன்றாக அறிந்த இன்ஸ்ட்ரக்டர் ஒருவர்.

ஒரே தாள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு பக்கம் எழுதுபவர்கள் அதை விமான நிலையத்தில் திறப்பதே இல்லை. நீ-போர்டில், அதாவது தொடையில் கட்டிக்கொள்ளும் எழுதுபலகையில், செருகி வைக்கும் அளவுக்கு இருந்தால்தான் பயன்.

எடைத் தாள் அதே பதிவு எண்ணுக்குரியதாக இருக்க வேண்டும். ஒரே ஆண்டு, ஒரே மாடல் என்றாலும் இரண்டு 172-களின் காலி எடை ஒன்றாக இருக்காது.

2. மொத்த மணி நேரத்தை மறந்துவிட்டு, கடைசி 90 நாளை எண்ணுங்கள்

புதியவர்கள் முதலில் எழுதுவது "எனக்கு 85 மணி நேரம்" என்பதை. அந்த எண் அதிகம் ஒன்றும் சொல்வதில்லை. கடந்த 90 நாளில் எத்தனை முறை இறங்கினீர்கள், அதில் பக்கக்காற்றோடு எத்தனை, இரவில் எத்தனை, தெரியாத ரன்வேயில் எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். கைப்பழக்கம் மங்குவது அங்கேதான் தெரியும்.

பயணிகளை ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த மூன்றையும் 89 நாளுக்கு முன் ஒரே காலையில், காற்றே இல்லாதபோது செய்திருந்தாலும் கணக்குச் சரிதான். ஆனால் கை அப்படி வேலை செய்யாது. என் தாளில் உள்ள வரி இது: 30 நாள் பறக்கவில்லை என்றால் முதலில் தனியாக மூன்று சுற்று, 60 நாள் ஆகிவிட்டால் இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு மணி நேரம், அதன் பிறகுதான் பயணிகள்.

அடுத்து, இதுவரை நீங்கள் நிம்மதியாகச் செய்து முடித்தவற்றில் உச்சம் எது என்று எழுதுங்கள். இறங்கிய அதிகபட்ச பக்கக்காற்று, பறந்ததிலேயே தாழ்ந்த மேகம், மிகக் குட்டையான ரன்வே. நிம்மதியாக என்ற சொல் முக்கியம். உள்ளங்கை வியர்த்து, தப்பித்தோம் என்று இறங்கிய நாள் அந்தக் கணக்கில் சேராது.

3. மேகமும் பார்வைத் தூரமும்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பகலில் நாம் வழக்கமாகப் பறக்கும் வான்பகுதிகளில் 3 மைல் பார்வைத் தூரம் இருந்தால் வி.எஃப்.ஆர். விதிப்படி, அதாவது வெளியே கண்ணால் பார்த்து, பறக்கலாம். மேகத்துக்கு 500 அடி கீழே, 1,000 அடி மேலே, பக்கவாட்டில் 2,000 அடி இடைவெளி வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு மைல் போகும் விமானத்தில் 3 மைல் என்பது ஒன்றரை நிமிடம். எதிரே இருக்கும் குன்றை அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் பார்த்து, புரிந்து, திரும்ப வேண்டும். அதே வேகத்தில் எதிரே வரும் விமானம் என்றால் அதில் பாதி நேரம்தான்.

முதல் ஆண்டில் இருப்பவருக்கு நான் சொல்வது: உள்ளூரில் சுற்றுவதற்கு சீலிங் (வானத்தை மூடும் மேகங்களில் மிகத் தாழ்ந்ததன் உயரம்) 3,000 அடி, பார்வைத் தூரம் 6 மைல், ஊர் விட்டு ஊர் போவதற்கு சீலிங் 5,000 அடி, பார்வைத் தூரம் 8 மைல். மலை தாண்டும் பாதையானால் சீலிங்கை விமான நிலையத்திலிருந்து அளக்காதீர்கள், மலையுச்சியிலிருந்து அளங்கள். வானிலை அறிக்கை சொல்லும் சீலிங் அந்த நிலையத்தின் தரையிலிருந்து கணக்கிடப்பட்டது. கடல் மட்டத்தில் உள்ள நிலையம் 3,000 என்றால், 2,000 அடி மலைமுகட்டுக்கு மேலே உங்களுக்குக் கிடைப்பது 1,000 அடிதான். புதியவர்களில் பாதிப் பேர் இதைக் கவனிப்பதில்லை.

இந்த எண்ணை எழுதாமல் நான் பட்டதைச் சொல்கிறேன். ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். ஹாஃப் மூன் பே போய்க் கடற்கரை ஓரம் மதியச் சாப்பாடு என்று திட்டம். மலையைத் தாண்டினால் கால் மணி நேரப் பயணம். கிளம்பும்போது அங்கே வானம் தெளிவு என்றது தானியங்கி வானிலை ஒலிபரப்பு. மலைமுகட்டைத் தாண்டியதும் பார்த்தால், கடலிலிருந்து வெள்ளைப் போர்வை போல மூடுபனி ஏறி வந்து ரன்வேயின் ஒரு முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுமுனை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. "அதோ இடம் தெரியுதே மாப்பிள்ளை" என்றார் மாமா.

எனக்கும் தெரிந்தது. இறங்கினேன். 900 அடிக்கு வந்தபோது அந்த இடைவெளி இல்லை. இடது பக்கம் மேகம், வலது பக்கம் மலை. முழு த்ராட்டில் (எஞ்சின் சக்தி) கொடுத்து, வந்த வழியே திரும்பி ஏறினேன். மலை தாண்டி விரிகுடா கண்ணில் படும்வரை இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்சீட்டில் அத்தை கண்ணை மூடி, முன்சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி சாப்பிட்டதும் முதல் வரியை எழுதினேன்: "இறங்கும் இடத்தின் முழு ரன்வேயும் பேட்டர்ன் உயரத்திலிருந்து (இறங்கும் முன் ரன்வேயைச் சுற்றி வரும் உயரம்) தெரியாவிட்டால், அந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது."

வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் (காற்றின் ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளி 3 டிகிரிக்குள் வந்து இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தால் மூடுபனி வரும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாக் கரையில் கோடை மாலைகளில் இது ஏறக்குறைய அன்றாடக் கதை. ஒரு அறிக்கையை மட்டும் பார்க்காமல் கடைசி மூன்று மணி நேர அறிக்கைகளை வரிசையாகப் பாருங்கள். எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதுதான் தேவையான செய்தி.

மேகத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்ட வைத்தார்கள். இருபது பேரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. பிறகு அவர்களுக்கே நிதானமாக ஒரு திருப்பம் போட்டு வெளியே வரும் முறையைக் கற்றுக்கொடுத்தபோது ஏறக்குறைய எல்லாச் சோதனைகளிலும் வெளியே வந்துவிட்டார்கள். ஆகவே வரம்போடு இன்னொரு வரியும் எழுதுங்கள்: ஆறு மாதத்துக்கு ஒரு முறை இன்ஸ்ட்ரக்டரோடு கண்மறைப்பு மாட்டிக்கொண்டு 180 டிகிரி திருப்பப் பயிற்சி. உரிமத்துக்காகச் செய்த அந்த மூன்று மணி நேரக் கருவிப் பயிற்சி ஓராண்டில் கையை விட்டுப் போய்விடும்.

4. காற்று

172-இன் எஸ் மாடல் (172-எஸ்) கையேட்டில் "செய்து காட்டப்பட்ட பக்கக்காற்று 15 நாட்" என்று இருக்கும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). சோதனை விமானி செய்து காட்டிய அளவு அது. உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்பதற்கு அதில் பதில் இல்லை. லாக்புக்கில் நிம்மதியாக இறங்கியதாக எழுதிய அளவு எதுவோ அதுதான் வரம்பு. பெரும்பாலான புதியவர்களுக்கு அது 6 முதல் 8 நாட்.

கணக்கு எளிது. காற்றுக்கும் ரன்வேக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் காற்றின் வேகத்தில் பாதி, 45 என்றால் பத்தில் ஏழு, 60-ஐத் தாண்டினால் முழுவதும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கஸ்ட் (திடீரென்று பலமாக வீசும் காற்று) சொல்லியிருந்தால் கஸ்டின் எண்ணைக் கொண்டே கணக்கிட வேண்டும். 14 நாட், கஸ்ட் 20 என்று வந்தால் உங்களுக்கு அது 20 நாட் காற்று. 40 டிகிரி கோணத்தில் அடித்தால் பக்கக்காற்று 13. கஸ்டை விட்டுவிட்டு 14-ஐ எடுத்துக்கொண்டு 9 என்று போட்டுச் சமாதானம் அடைபவர்களைப் பார்க்கிறேன். சக்கரம் தரையைத் தொடும் நொடியில் கஸ்ட் வராது என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

இன்னொரு பிழையும் அடிக்கடி வரும். எழுத்தில் படிக்கும் மெட்டார், அதாவது விமான நிலைய வானிலை அறிக்கை, காற்றின் திசையை உண்மை வடக்கிலிருந்து சொல்கிறது. டவர் ரேடியோவில் சொல்வது காந்த வடக்கிலிருந்து. ரன்வே எண்ணும் காந்த வடக்குதான். எங்கள் பகுதியில் இரண்டுக்கும் சுமார் 13 டிகிரி வித்தியாசம். வீட்டில் போட்ட கணக்கு களத்தில் ஒத்துவராமல் போவதற்கு இது போதும்.

5. எரிபொருளை நேரமாக எழுதுங்கள்

பகலில் சேருமிடத்தை அடைந்த பிறகு 30 நிமிடத்துக்கும் இரவில் 45 நிமிடத்துக்கும் எரிபொருள் மீதம் இருக்கும்படி கிளம்ப வேண்டும் என்பது சட்டம். என் தாளில் பகலோ இரவோ ஒரு மணி நேரம். கிளம்பும்போது மட்டும் இருந்தால் போதாது, சக்கரம் தரையைத் தொடும்போது அந்த ஒரு மணி நேரம் டேங்கில் இருக்க வேண்டும்.

172-எஸ் விமானத்தில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 53 கேலன். மணிக்கு 10 கேலன் என்று கணக்கு வையுங்கள். கையேடு அதைவிடக் குறைவாகக் காட்டலாம். அது புது எஞ்சினில், மிக்ஸ்சரில் (எரிபொருள்-காற்றுக் கலவை) எரிபொருளைச் சரியாகக் குறைத்து ஓட்டியபோது வந்த எண். ஆக, வரம்பு 10 கேலன். எங்கே, எத்தனை மணிக்கு அந்த வரம்பு வரும் என்பதைக் கிளம்பும் முன்பே தாளில் கடிகார நேரமாக எழுதுங்கள்: "3:40-க்குள் தரையில்." எதிர்க்காற்று கூடினாலும் கூடாவிட்டாலும் கடிகாரம் ஒரே மாதிரி ஓடும். எரிபொருள் மானி அப்படி இல்லை.

கிளம்பும் முன் ஏணி போட்டு ஏறி, அளவுக்குச்சியை டேங்கில் விட்டுப் பாருங்கள். ஒரு தம்பி முதல் வெளியூர்ப் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். "ஃபுல்லா இருக்குன்னு சொன்னாங்கண்ணா" என்றார். சரி, குச்சியை விட்டுப் பாருங்கள் என்றேன். குச்சியில் நீல நிற எரிபொருள் நனைந்திருந்தது பாதிக்கும் கீழே. இடது டேங்கில் 12 கேலன். நமக்கு முன் ஓட்டியவர் இன்னொரு சுற்றுப் போயிருந்தார், அவ்வளவுதான். குச்சியைத் துடைத்து இரண்டாம் முறையும் விட்டுப் பார்த்தார் தம்பி. அப்புறம் பேசாமல் எரிபொருள் வண்டிக்குப் போன் செய்தார்.

வடிகால்களில் எடுத்த மாதிரியில் தண்ணீரோ தூசியோ இருந்தால், சுத்தமாக வரும்வரை எடுங்கள். சுத்தமாக வராவிட்டால் அன்று பறப்பது இல்லை. மூடிகளை நீங்களே கையால் திருகி மூடுங்கள்.

6. எடை, ரன்வே, வெயில்

172-இல் நான்கு சீட் இருக்கிறது, நான்கு பேர் போகலாம் என்று நினைப்பது மிகச் சாதாரணமான பிழை. 172-எஸ் விமானத்தின் அதிகபட்ச புறப்பாட்டு எடை 2,550 பவுண்டு. காலி எடை 1,690 என்று வைத்தால் மீதி 860. முழு டேங்க் எரிபொருள், கேலனுக்கு 6 பவுண்டு வீதம், 318. மிச்சம் 542. தலைக்கு 180 பவுண்டு என்றால் மூன்று பேர்; ஒரு பைகூட ஏறாது.

நம் வீடுகளில் எடை கேட்பது கொஞ்சம் சங்கடம். சித்தி 60 கிலோ என்பார், அது கல்யாணத்தின்போது இருந்த எடையாக இருக்கும். அதனால் நான் குளியலறைத் தராசு ஒன்றைக் காரிலேயே வைத்திருக்கிறேன். பைகளோடு சேர்த்து எல்லாரையும் நிறுத்துவேன், முதலில் நான் ஏறி என் எடையைச் சத்தமாகச் சொல்லிவிடுவேன். அப்புறம் யாரும் தயங்குவதில்லை.

ரன்வேக்கான வரி: கையேடு தரும் புறப்பாட்டுத் தூரத்தோடு, 50 அடித் தடையைத் தாண்டும் கணக்கில், பாதியைக் கூட்டுங்கள். கையேடு 1,600 அடி என்றால் உங்களுக்கு 2,400. அந்த எண்கள் புது விமானத்தில், தேர்ந்த விமானி எடுத்தவை.

களத்தில் ஒரு சோதனையும் உண்டு. ரன்வேயின் பாதியைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வரும்போது எழும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்காவிட்டால் த்ராட்டிலை மூடி நிறுத்திவிட வேண்டும்.

கடல் மட்டத்தில் பயின்றவர்கள் முதலில் ஏமாறும் இடம் மலைகளுக்கு நடுவே உள்ள சவுத் லேக் டாஹோ விமான நிலையம். உயரம் சுமார் 6,270 அடி. ரன்வே 8,500 அடிக்கு மேல் நீளம் என்பதைப் பார்த்தே பயம் போய்விடும். ஆனால் வெயில் 28 டிகிரி என்றால், அந்த உயரத்தின் இயல்பு வெப்பத்தைவிட ஏறக்குறைய 25 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி வீதம் 3,000 அடி கூட்டுங்கள். எஞ்சினும் இறக்கையும் 9,300 அடியில் இருப்பது போலத்தான் வேலை செய்யும். ஏறும் வேகம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியளவுக்கு வந்துவிடும், சுற்றிலும் மலை. மிக்ஸ்சரை முழுதாகத் திறந்து வைத்துப் பழகியவர் அங்கேயும் அப்படியே வைத்துக் கிளம்பினால் இருக்கிற சக்தியிலும் கொஞ்சம் போய்விடும். 3,000 அடிக்கு மேலான களங்களில் கையேடு சொல்லும்படி மிக்ஸ்சரைக் குறைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

என் வரி: மலைக்களங்களுக்கு முதல் முறை மலைப் பறப்பு தெரிந்த இன்ஸ்ட்ரக்டரோடு, அதன் பிறகும் காலை 10 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும், இரண்டு பேருக்கு மேல் இல்லை.

7. இரவும் தண்ணீரும்

முதல் ஆண்டில் இரவில் பயணிகள் வேண்டாம். உள்ளூரில், நிலா இருக்கும் தெளிவான இரவில், தனியாகவோ இன்ஸ்ட்ரக்டரோடோ பழகுங்கள்.

1999 ஜூலை 16-இல் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய விமானம் மார்த்தாஸ் வினியார்டு அருகே கடலில் விழுந்தது. நல்ல விமானம்தான். இருட்டும் மங்கிய வானமும் தண்ணீரும் சேர்ந்ததில் திசையுணர்வு தப்பிக் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது விசாரணையின் முடிவு. மேகத்துக்குள் போகாமலே இப்படி ஆகலாம் என்பதைத்தான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தொடுவானம் தெரியாத இடம் சட்டப்படி வி.எஃப்.ஆர். ஆக இருந்தாலும் உங்கள் கண்ணுக்கு மேகம் மாதிரிதான். ஆகவே வரி: இருட்டிய பிறகு வெளிச்சமில்லாத தண்ணீருக்கு மேல் போவது இல்லை.

பகலிலும் தண்ணீரைத் தாண்டும்போது, எஞ்சின் நின்றால் கரைக்கு மிதந்து போகும் உயரத்தில் இருங்கள். 172 ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரை கடல் மைல் மிதக்கும். ஒன்று என்று கணக்கு வையுங்கள்.

8. உங்கள் உடம்பு

குடித்து 8 மணி நேரம் ஆக வேண்டும் என்பது சட்டம். 24 என்று எழுதுங்கள். முந்தின இரவு 6 மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும்.

மாத்திரைகளில்தான் கவனம் தவறுகிறது. சளிக்கும் அலர்ஜிக்கும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின், அதாவது இங்கே பெனட்ரில் என்று விற்கும் மாத்திரை, சாப்பிட்டால் கடைசி மாத்திரையிலிருந்து 60 மணி நேரம் பறக்கக் கூடாது என்று எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) சொல்கிறது. இரண்டரை நாள். தூக்கம் தெளிந்த மாதிரி இருந்தாலும் கவனம் தெளிந்திருக்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த இருமல் சிரப்பிலும் இது இருக்கலாம், புட்டியைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள்.

வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளும், வேலையில் பெரிய தலைவலி ஓடிக்கொண்டிருக்கும் நாளும் இதே கணக்கில் வரும். நான் அந்த நாட்களில் விமானத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

9. கூட வருபவர்களிடம் முதல் நாளே சொல்லுங்கள்

பல விபத்துகளுக்குப் பின்னால் "போயே தீரணும்" என்ற அவசரம் இருக்கிறது. அந்த அவசரம் வானத்தில் பிறப்பதில்லை. அழைக்கும்போதே பிறந்துவிடுகிறது. "சனிக்கிழமை டாஹோ கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டால், சனிக்கிழமை காலை வானம் உங்களிடம் பேசாது, அந்த வாக்குத்தான் பேசும்.

அதனால் நான் இப்படிச் சொல்வேன்: "சனிக்கிழமை பறக்கலாம்னு பார்க்கிறேன் அத்தை. காத்து சரியில்லைன்னா கார்ல போவோம். போன பிறகு திரும்ப முடியலைன்னா அங்கேயே ராத்திரி தங்குற மாதிரி ஒரு மாத்துத்துணி எடுத்துக்கோங்க." மாற்றுத்துணி எடுத்து வைத்தவர் தங்குவதற்கு மனதளவில் தயாராகிவிடுகிறார். திங்கட்கிழமை காலை அலுவலகக் கூட்டம் உள்ளவர்களை ஞாயிறு மாலை திரும்பும் பயணத்தில் நான் ஏற்றுவதில்லை.

ஏறியதும் பெல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் செய்து காட்டினால் போதாது, அவர்கள் கை செய்ய வேண்டும். நான் கையை உயர்த்தினால் யாரும் பேசக் கூடாது, வேறு விமானம் கண்ணில் பட்டால் மட்டும் உடனே சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

10. இரண்டு வரம்புகள் ஒன்றாக நெருங்கினால்

இதுவரை எழுதிய ஒவ்வொரு எண்ணும் மற்றவை நன்றாக இருக்கும்போது பொருந்துவது. உண்மையான நாள் அப்படி வருவதில்லை. சீலிங் 3,200, வரம்பு 3,000, சரி. பக்கக்காற்று 7, வரம்பு 8, சரி. தூக்கம் ஆறு மணி நேரம், சரி. ரன்வே புதிது, நீளம் போதும், சரி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரி, சேர்த்துப் பார்த்தால் இது ஒரு புதியவர் போகவே கூடாத நாள்.

எளிய கணக்கு: வரம்பை நெருங்கியவை எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் போகலாம், அதற்கு ஒரு மாற்றுத் திட்டத்தோடு. இரண்டு என்றால் பயணிகளை இறக்கிவிட்டு, தனியாக, உள்ளூரில் மட்டும். மூன்று என்றால் வீடு. தெரியாத விமானம், தெரியாத களம் இரண்டும் தலா ஒன்றாக எண்ணப்படும்.

11. மேலே போன பிறகு

தரையில் எழுதிய எண்களோடு, வானத்தில் யோசிக்க நேரமில்லாத சில இடங்களுக்கும் விடையை முன்பே எழுதிவிட வேண்டும்.

புறப்படும்போது: ரன்வேயில் நுழையும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். "ரன்வே மேல் கோளாறு என்றால் நிறுத்துவேன். 1,000 அடிக்குக் கீழே எஞ்சின் நின்றால் மூக்கைத் தாழ்த்தி நேர் எதிரே, கொஞ்சம் இடம் வலமாக, இறங்குவேன். திரும்பி ரன்வேக்கு வர மாட்டேன்." எஞ்சின் நின்ற கணத்தில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ரன்வே கண்ணைக் கட்டி இழுக்கும். தாழ்ந்த உயரத்தில் அந்தத் திருப்பத்தில் வேகம் போய் விமானம் சுழன்று விழுகிறது. சொல்லி வைத்த வாக்கியம்தான் கையை முன்னோக்கித் தள்ளும்.

வழியில்: மேகத்துக்காக ஒரு முறை உயரத்தைக் குறைக்கலாம். இரண்டாம் முறை குறைக்க வேண்டி வந்தால் திரும்பிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்பதை எண்ணாக மாற்றும் வழி இது. கட்டுப்பாட்டாளரிடம் ஃப்ளைட் ஃபாலோயிங் (வழியெல்லாம் உங்களை ரேடாரில் கவனிக்கும் சேவை) கேளுங்கள், ரேடாரில் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் உதவி கேட்பது எளிது. யாரோடும் பேசாமல் இருந்து சிக்கல் வந்தால் ரேடியோவில் அவசர அலைவரிசை 121.5, ட்ரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு உங்களைக் காட்டும் கருவி) அவசரக் குறியீடு 7700. உதவி கேட்டால் உரிமம் போய்விடும் என்ற பயத்தில் கடைசிவரை வாயைத் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் கேளுங்கள்.

இறங்கும்போது: ரன்வேக்குக் குறுக்கே வரும் பேஸிலிருந்து, அதற்கு நேரே இறங்கும் ஃபைனலுக்குத் திரும்புகையில் சாய்வு 30 டிகிரிக்கு மேல் இல்லை. ரன்வேயின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டால் காலால் (ரடர் பெடலை மிதித்து) மூக்கை இழுத்துச் சரிக்கட்டாதீர்கள், கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மீண்டும் மேலே ஏறுவது. உயரத்தை விடாமல் 45 டிகிரி சாய்த்தால் விமானம் தூக்கும் சக்தியை இழக்கும் வேகம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடுகிறது, அந்த உயரத்தில் மீட்க இடமில்லை. 500 அடியில் ரன்வே நேராக, வேகம் குறித்ததிலிருந்து 5 நாட்டுக்குள் இல்லை என்றால் கோ-அரவுண்ட். முதல் மூன்றில் ஒரு பங்கு ரன்வேக்குள் சக்கரம் தொடாவிட்டால் கோ-அரவுண்ட். மூன்று முறை முயன்றும் ஆகாவிட்டால் காற்று சாதகமான வேறு களம்.

12. தாளை எப்போது திருத்தலாம்

இறுக்குவது எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், பெல்ட்டைக் கட்டிக்கொண்டுகூட. தளர்த்துவது வீட்டில் மட்டும், பறக்காத நாளில் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு எண் மட்டும். பக்கக்காற்றை 8-லிருந்து 10 ஆக்க வேண்டுமானால், முதலில் 10 நாட் காற்றில் இன்ஸ்ட்ரக்டரோடு பத்து இறக்கம். பிறகு அவரிடம் தாளைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அவர் கையெழுத்து அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

மற்றவர் தாளை நகல் எடுப்பது வேண்டாம், என்னுடையதையும் சேர்த்துத்தான். மேலே உள்ள எண்கள் என் கைக்கும் என் களத்துக்கும் உரியவை.

ஒவ்வொரு பறப்பு முடிந்ததும் விமானத்தைக் கட்டிப்போட்டுவிட்டு, கார் கதவைத் திறக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்: இன்று எந்த எண்ணை நெருங்கினேன்? வீட்டுக்குப் போனால் அது மறந்துவிடும். ஹாஃப் மூன் பே நாளுக்கு என் லாக்புக்கின் குறிப்புக் கட்டத்தில் "மூடுபனி, திரும்பினோம்" என்று மட்டும்தான் இருக்கிறது. 900 அடி என்பதைப் பிறகு சிவப்பு மையில் சேர்த்தேன். மாமா இப்போதும் வந்தால் முன்சீட்டில்தான் உட்காருவார், கிளம்பும் முன் "தாளைப் பாத்தாச்சா மாப்பிள்ளை?" என்று கேட்பார். நான் தாளை எடுத்து அவர் மடியில் வைப்பேன். ஒவ்வொரு வரியாக அவர் வாசிக்க, நான் அன்றைய எண்ணைச் சொல்வேன்.